மஞ்சளா? நீலமா?



சென்ற திங்கள் நம் தமிழ் மன்றத்தின் செயற்குழுவிலே ஒரு தீர்மானம் வந்தது. கேரளா பிளாஸ்டர்ஸ் அணியும் சென்னையின் எஃப்.சி. அணியும் மோதும் கால்பந்தாட்டங்களை இனி நம் உறுப்பினர்கள் விடுதியின் பொது அறையில் பார்க்கக் கூடாது. மன்ற அறையில் தனியே கூடிப் பார்க்க வேண்டும். எல்லோரும் நீலச் சட்டை அணிந்து வர வேண்டும். மஞ்சள் அணிக்குக் கை தட்டுபவர் தம்மைத் தமிழர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. இதுதான் தீர்மானத்தின் சாரம். கொண்டு வந்தவர் என் நண்பர். வழிமொழிந்தவரும் என் நண்பர். எதிர்த்துப் பேசியவன் நான் ஒருவனே. எனக்குக் கிடைத்த நேரம் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் சொல்லி முடியாததைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். தீர்மானம் அடுத்த பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வரும். இதைப் படித்துவிட்டுக் கை தூக்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துவிடுகிறேன். நான் நீலக்காரன். இன்று நேற்றல்ல, பன்னிரண்டு வயது முதல் நீலக்காரன்.

2014-ஆம் ஆண்டு சங்கரன்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் குடி வந்தோம். சாலைக் கடைத்தெருவில் மளிகை மொத்த வியாபாரக் கடை ஒன்றில் அப்பாவுக்குக் கணக்கு எழுதும் வேலை. எனக்கு மலையாளம் தெரியாது. வகுப்பில் பேர் சொல்லி அழைத்தால் எழுந்து நிற்பேன். அதற்குமேல் எது கேட்டாலும் திருதிருவென்று விழிப்பேன். அந்த ஆண்டுதான் இந்தியன் சூப்பர் லீக் போட்டி தொடங்கிற்று. சச்சின் டெண்டுல்கர் அப்போது கேரள அணியின் உரிமையாளர்களுள் ஒருவர். அபிஷேக் பச்சனும் தோனியும் சென்னை அணியின் உரிமையாளர்களுள் இருவர். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி இல்லை. தெருமுனைத் தட்டுக்கடையில் இருந்தது.

டிசம்பர் 13-ஆம் நாள் கொச்சியில் அரையிறுதியின் முதல் ஆட்டம். கடைக்காரச் சேட்டன் என்னைப் பார்த்து, "மோனே, மஞ்ஞயோ, நீலயோ?" என்றார். விளங்கிற்று. "நீலம்" என்றேன். கடை முழுதும் சிரித்தது. ஆட்டம் முடிந்தபோது கேரளம் 3, சென்னை 0. சேட்டன் ஒரு பழம்பொரியைக் காகிதத்தில் சுற்றி என் கையில் வைத்தார். காசு வாங்கவில்லை.

மூன்றே நாளில் சென்னையில் மறு ஆட்டம். இம்முறை சென்னை ஒன்று, இரண்டு என்று போட்டு, ஆட்டம் முடியும் தறுவாயில் ஜெஜேயின் காலால் மூன்றாவதையும் போட்டது. இரண்டு ஆட்டமும் சேர்த்து 3-3. நான் பெஞ்சின்மேல் ஏறிக் குதித்தேன். கடையில் பேச்சு மூச்சில்லை. ஆயினும் ஒருவரும் என்னை இறங்கச் சொல்லவில்லை. கூடுதல் நேரம் தொடங்கிற்று. 117-ஆம் நிமிடம் ஸ்டீபன் பியர்சன் என்ற வீரர் கேரளத்துக்காக ஒரு கோல் போட்டார். மொத்தம் 4-3. கதை முடிந்தது. நான் அழுதுவிட்டேன். மஞ்சள் சட்டை அணிந்த ஒருவர் என் தோளில் கை போட்டு வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார். வழி நெடுக அவர் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. மறுநாள் முதல் அந்தத் தெரு என்னை 'நீலன்' என்று அழைத்தது. இந்த ஊர் எனக்கு வைத்த முதல் பேர் அது. அந்தப் பேரில் ஏளனம் இல்லை, தோழர்களே, உரிமை இருந்தது.

இனி, ஏட்டைப் புரட்டிக் கணக்குப் பார்ப்போம். புள்ளியியல் முதுகலை மாணவன் ஆயிற்றே, கணக்கில்லாமல் எனக்குப் பேச வராது.

அன்று நம்மை வென்ற கேரளம், 2014 டிசம்பர் 20-இல் இறுதியாட்டத்தில் கொல்கத்தாவிடம் 0-1 என்று தோற்றது. அடுத்த ஆண்டு டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைச் சென்னை அணி புனேயில் போய் ஆடியது. பிறகு டிசம்பர் 20-இல் கோவாவை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. 2016 டிசம்பரில் கொச்சியில் இறுதியாட்டம். கேரளம் மீண்டும் கொல்கத்தாவிடம் பெனால்டியில் தோற்றது. 2018 மார்ச் 17-இல் சென்னை பெங்களூரை 3-2 என்று வென்று இரண்டாவது கோப்பை பெற்றது. 2020 மார்ச்சில் பார்வையாளர் இல்லாத அரங்கில் கொல்கத்தாவிடம் 1-3 என்று இறுதியில் இழந்தது. 2022 மார்ச் 20-இல் கேரளம் ஐதராபாத்திடம் மறுபடியும் பெனால்டியில் தோற்றது. ஆகவே கோப்பைக் கணக்கில் 2025 வரை சென்னைக்கு இரண்டு. கேரளத்துக்கு ஒன்றும் இல்லை.

கேட்கவே இனிக்கிறதல்லவா? சற்றுப் பொறுங்கள். இரண்டு அணியும் நேருக்கு நேர் மோதிய கணக்கு வேறு கதை சொல்லும். 2017 டிசம்பரில் சென்னையில் நம் அணி 1-0 என்று முந்தி நிற்க, கடைசி மூச்சில் சி.கே. வினீத் கேரளத்துக்காகச் சமன் செய்தார். 2020 பிப்ரவரி 1-இல் கொச்சியில் கேரளத்தின் ஓக்பெச்சே ஒருவரே மூன்று கோல் போட்டும் சென்னை 6-3 என்று வென்றது. 2023 நவம்பரில் கொச்சியில் 3-3. 2024 நவம்பரில் அங்கேயே கேரளம் 3-0. 2025 ஜனவரி 30-இல் சென்னையிலேயே கேரளம் 3-1. ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்திருக்கின்றனவே அன்றி, எவரும் எவரையும் நிலையாக அடக்கி ஆண்டதில்லை.

மற்றக் கணக்குகளும் இப்படித்தான். ஐ-லீக் போட்டியில் 2019-இல் சென்னை சிட்டி வெற்றி வாகை சூடியது. 2021-இலும் 2022-இலும் கோகுலம் கேரளா சூடியது. மாநிலங்களுக்கான சந்தோஷ் கோப்பையைக் கேரளம் 7 முறை வென்றிருக்கிறது. தமிழ்நாடு ஒரு முறையும் வென்றதில்லை. பெண்கள் தேசியப் போட்டியிலோ 2018-இலும் 2023-இலும் தமிழ்நாட்டு மங்கையர் கோப்பை கொண்டு வந்தனர்; கேரளம் அங்கே வெறுங்கை. எந்த வரியைப் படிக்கிறோமோ அந்த வரிக்கு ஏற்பப் பெருமை மாறும். தனக்குப் பிடித்த வரியை மட்டும் படிப்பவனுக்கு எங்கள் துறையில் மதிப்பெண் கொடுக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் 'கால்பந்து' என்று பேர் வைத்துக்கொண்டு பெரும்பாலும் கையால் ஆடும் ஓர் ஆட்டம் உண்டு. அதிலே சிகாகோ அணியும் கிரீன் பே என்ற சிறு நகரத்தின் அணியும் 1921 முதல் 200 முறைக்கு மேல் மோதியிருக்கின்றன. பாட்டன் பார்த்த ஆட்டத்தைப் பேரன் பார்க்கிறான். நம் கதை 2014-இல்தான் தொடங்கிற்று. பருவத்துக்கு இரண்டு ஆட்டம் என்று எண்ணினால் ஒரு கல்லூரி மாணவனின் வயதுக்கும் சற்று மேலே போகும், அவ்வளவே. இத்தனை சிறிய கணக்கை வைத்துக்கொண்டு ஓர் அணியின் தரத்தைச் சொல்வதே கடினம். இரண்டு கோடிக் கணக்கான மக்களின் தரத்தைச் சொல்லத் துணிவதை என்னவென்பது?

சரி, அந்த அணிகளில் ஆடுபவர் யார்? தமிழர் பதினொருவரும் மலையாளிகள் பதினொருவருமா? இல்லவே இல்லை. ஜெஜே மிசோரத்துக்காரர். ஓக்பெச்சே நைஜீரியர். பியர்சன் ஸ்காட்லாந்துக்காரர். மஞ்சளும் நீலமும் சட்டையின் நிறங்களே ஒழிய, இரத்தத்தின் நிறங்கள் அல்ல. சட்டையை மாற்றிக்கொண்டவர்களும் பலர். 2016 இறுதியாட்டத்தில் கேரளத்துக்காகக் கோல் போட்ட காசர்கோட்டு முகமது ரஃபி, அடுத்த பருவத்தில் நீலச் சட்டை போட்டுச் சென்னையோடு கோப்பை வென்றார். கடைசி மூச்சில் நம் வெற்றியைப் பறித்த அதே வினீத், 2019 ஜனவரியில் நம் அணிக்கே வந்தார். கோழிக்கோட்டுப் பிரசாந்த் 2022-இல் வந்தார். அவரோடு வந்த இன்னொருவர் வின்சி பரேட்டோ. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பழைய ஏட்டைப் புரட்டினால் வியப்பு இன்னும் பெருகும். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இடம்பெற்ற சைமன் சுந்தரராஜ் தமிழர்.  1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் ரயில்வே அணியை 3-2 என்று வென்று கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை எடுத்ததே, அன்று அந்த அணியைப் பயிற்றுவித்தவர் யார் தெரியுமா? அதே சைமன் சுந்தரராஜ்தான்! மூன்று கோலும் போட்ட கேப்டன் மணியைக் கேரளம் இன்றும் கொண்டாடுகிறது. பயிற்றுவித்த தமிழரையும் அது மறக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர் கண்ணூர் வி.பி. சத்யன். கேரளத்துக்கும் இந்தியாவுக்கும் தலைமை தாங்கிய அந்த வீரர் சென்னையில் இந்தியன் வங்கியில் பணியாற்றி, அந்த அணிக்காக ஆடி, 2006-இல் சென்னையிலேயே மறைந்தார். நமக்குள் கொள்வினை கொடுப்பினை இவ்வளவு இருக்க, பகை எங்கிருந்து வந்தது?

எங்கிருந்து வந்தது என்பதை நான் கண்ணால் கண்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும்.

2025 ஜனவரி 30-ஆம் நாள் இரவு. விடுதிப் பொது அறையில் நிற்க இடமில்லை. மூன்றாம் நிமிடத்திலேயே கேரளம் முதல் கோல் போட்டது. முதல் பாதியிலேயே சென்னை வீரர் ஒருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். இரண்டாவது கோல், மூன்றாவது கோல். மதுரையிலிருந்து வந்த முதலாண்டுத் தம்பி ஒருவர் நீலச் சட்டையோடு முன்வரிசையில் இருந்தார். கேலி தொடங்கிற்று. கேலி ஆட்டத்தின் உப்பு. அதை நான் குறை கூறமாட்டேன். ஆனால் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "பாண்டி, லாரி ஏறிப் போடா" என்றது. பாண்டி என்பது ஒரு நாட்டின் பேர். சங்கம் வளர்த்த நாட்டின் பேர். அந்தக் குரலில் அது பேராக வரவில்லை, காறித் துப்பலாக வந்தது. தம்பி எழுந்தார். முல்லைப்பெரியாற்றை இழுத்தார். "எங்கள் காய்கறி வராவிட்டால் உங்கள் அடுப்பிலே பூனை தூங்கும்" என்றார். அதற்குமேல் அவர் சொன்னவற்றை இந்தப் பக்கத்தில் எழுத முடியாது. ஒரு நாற்காலி பறந்தது. ஒரு சன்னல் கண்ணாடி உடைந்தது. மறுநாள் அறைக்குப் பூட்டு. ஒரு மாதம் எவருக்கும் தொலைக்காட்சி இல்லை.

நான் எங்கே இருந்தேன்? அதே அறையில், மூன்றாம் வரிசையில். இரண்டு மொழியும் அறிந்தவன், அந்த அறையில் இரு தரப்பிலும் நண்பர் உள்ளவன், வாய் திறக்க வேண்டியவன் நான்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு எந்தப் பக்கமும் இடி விழக் கூடாது என்று வாளாவிருந்தேன். பின்வரிசைக் குரலையும் தடுக்கவில்லை. தம்பியின் வசையையும் தடுக்கவில்லை. அந்த வெட்கமே இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

கூச்சலில் எவரும் கவனியாத ஒன்று உண்டு. ஆட்டம் முடியும் நேரத்தில் சென்னைக்காக ஒரே ஒரு கோல் விழுந்தது. அதைப் போட்டவர்தான் வின்சி பரேட்டோ. அவர் பிறந்த ஊர் எது? இதே திருவனந்தபுரம்! சென்னையின் மானத்தை அன்றிரவு காத்தது இந்த ஊர்ப் பிள்ளையின் கால். அந்த நேரத்தில் நாம் இங்கே ஒருவர் பிறப்பை ஒருவர் ஏசிக்கொண்டிருந்தோம். 'பாண்டி' என்று கத்தியவரும் அந்தக் கோலைப் பார்க்கவில்லை. காய்கறிக் கணக்குச் சொன்ன தம்பியும் பார்க்கவில்லை.

இது முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதற்குக் கொல்கத்தாவே சான்று. அங்கே மோகன் பகான் கழகம் 1889-இலும் ஈஸ்ட் பெங்கால் கழகம் 1920-இலும் தோன்றின. கிழக்கு வங்கத்திலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்களின் அணி பின்னது. 'பாங்கால்' என்று ஊர்க்காரர் ஏளனம் பேசிய சொல்லையே அவர்கள் கொடியாக உயர்த்திப் பிடித்தார்கள். குடிபெயர்ந்தவன் என்ற முறையில் அந்த வீறு எனக்குப் புரிகிறது. ஆயினும் 1980 ஆகஸ்டு 16-ஆம் நாள் ஈடன் தோட்ட அரங்கில் இவ்விரு அணிகளும் ஆடியபோது பார்வையாளரிடையே கலவரம் மூண்டு, நெரிசலில் 16 பேர் மாண்டனர். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. அந்த நாளை இன்றும் அங்கே இரத்த தானம் செய்து நினைவுகூர்கிறார்கள். நம் விடுதியில் உடைந்தது ஒரு கண்ணாடிதானே என்று சொல்லாதீர்கள். எல்லாக் கலவரமும் முதலில் ஒரு கண்ணாடியைத்தான் உடைக்கிறது.

இனித் தீர்மானத்துக்கு வருவோம். "அவமானப்பட்டவர்கள் நாம், ஒதுங்கிப் போவதில் என்ன தவறு?" என்கிறார் என் நண்பர். அவமானம் உண்மை. ஒதுங்குவது மருந்தன்று. நாம் தனி அறைக்குப் போய்விட்டால் பொது அறை யாருக்கு உரியதாகும்? அந்தச் சொல்லைக் கத்தியவருக்கு. நாம் கட்டணம் கட்டி, நாம் உறங்கி எழும் விடுதியில், நமக்கு உரிய நாற்காலியை நாமே விட்டுக்கொடுப்பது வீரமாகாது. மேலும், தனி அறையில் ஒரே நிறச் சட்டைகள் கூடினால் அங்கே பேச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தடுக்க ஆள் இல்லாத இடத்தில் வசை தழைக்கும்.

"மஞ்சளுக்குக் கை தட்டுபவன் தமிழன் அல்லன்" என்ற வரிக்கு வருகிறேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் நம் மன்றத்தில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் மஞ்சளுக்குக் கை தட்டினால் என்ன பிழை? நம் கூட்டம் ஒவ்வொன்றும் தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்குகிறது. அதைப் பாடிய மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்தவர். இதே திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தவர். அவரிடம் போய், நீர் எந்தச் சட்டை அணிவீர் என்று கேட்டபிறகா அவர் பாட்டைப் பாடுகிறோம்? தமிழ் பந்தயச் சட்டையை விடப் பெரியது. தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒருவன் எங்கே கை தட்டினான் என்று பார்த்துத் தமிழனைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால், நம் மன்றத்தில் மிஞ்சுபவர் மிகச் சிலரே.

லாரியைச் சொல்லி ஏசியவருக்கும், காய்கறியைச் சொல்லி ஏசியவருக்கும் ஒரு சொல். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது இங்கிருந்து அங்கே லாரிகள் போயின. 2018 ஆகஸ்டில் கேரளம் தத்தளித்தபோது அங்கிருந்து இங்கே லாரிகள் வந்தன. அரிசி மூட்டை இறக்கியவர் எவரும், நீ மஞ்சளா நீலமா என்று கேட்கவில்லை.

எதிரணி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கண்டோம். 2025 ஜூலையில், ஒப்பந்தச் சிக்கல் காரணமாக அடுத்த பருவ லீக்கையே நிறுத்தி வைத்தார்கள். மஞ்சள், நீலம் இரண்டுக்கும் ஆடுகளம் இல்லை. அந்த வாரம் அதே தட்டுக்கடைக்குப் போனேன். சேட்டன் நரைத்துவிட்டார். "நீலா, இனி யாரோடு சண்டை போடுவது?" என்று மலையாளத்தில் கேட்டார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

எனவே, தீர்மானத்துக்கு மாற்றாக நான் ஒன்று முன்வைக்கிறேன். நம் மன்றமும் மலையாள மாணவர்களும் சேர்ந்து பொது அறையில் இந்த ஆட்டங்களைப் பார்ப்போம். அவரவர் விரும்பிய சட்டையை அணிவோம். விதி ஒன்றே ஒன்று: பந்தைப் பற்றி எது வேண்டுமானாலும் சொல்லலாம்; பிறப்பைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது. எந்தப் பக்கத்திலிருந்து அப்படி ஒரு சொல் வந்தாலும், ஆட்டம் எந்நிலையில் இருந்தாலும், அந்தக் கணமே தொலைக்காட்சியை அணைத்துவிட வேண்டும். சொன்னவரை அவருடைய பக்கத்தாரே அடக்குவார்கள். கோல் விழும் நேரத்தில் திரை இருண்டு போவதை எந்த ரசிகனும் பொறுக்கமாட்டான்.

மலையாள நண்பர்களிடம் இதைச் சொல்ல நானே போகிறேன். அந்த ஒரு சொல் எங்களை எப்படிச் சுடுகிறது என்பதை அவர்கள் மொழியிலேயே அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வேன். சென்ற முறை சொல்லத் தவறியதை இந்த முறை சொல்வேன். அதே துணிவோடு நம் தம்பியிடமும், "வசைக்கு வசை விடையாகாது" என்று சொல்வேன். அவர் என்னைக் கோபித்தாலும் சரி.

தோழர்களே, அடுத்த ஆட்டத்தில் சென்னை வெல்ல வேண்டும் என்பதே என் ஆசை. 6-3 என்று வென்றால் இன்னும் மகிழ்வேன். தோற்றால் வருந்துவேன், பக்கத்து நாற்காலிக்காரர் கேலி செய்வார், கேட்டுக்கொள்வேன். ஆனால் பன்னிரண்டு வயதுப் பையனின் தோளில் கை போட்டு வீடுவரை கொண்டு விட்ட அந்த மஞ்சள் சட்டைக்காரரை என் பகைவர் என்று எழுதித் தரச் சொன்னால், அந்தத் தாளில் என் கை ஓடாது. உங்கள் கையும் அதற்காக உயரக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.